எண்ணுக்குக் குறி சொல்பவள்

ஐஸ்லாந்தின் கடற்கரைகளில் பென்குயின் கிடையாது. அந்தப் பறவையின் வாழ்க்கை பூமியின் தென்பாதியில். ஐஸ்லாந்து இருப்பதோ ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி. ஆனாலும் ஐஸ்லாந்துக் குழந்தை அதை ‘பென்குயின்’ என்று சொல்வதில்லை. ‘மொர்கைஸ்’ என்கிறது. ‘மொர்’ என்றால் கொழுப்பு, ‘கைஸ்’ என்றால் வாத்து. கொழுப்பு வாத்து! இந்தப் பெயரை வைத்தவர் யோனாஸ் ஹால்கிரிம்சன் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் அவர், இயற்கை ஆய்வாளரும்கூட.

ஊரில் இல்லாத பறவைக்கே இந்தக் கவனிப்பு என்றால் வீட்டுக்குள் வந்துவிட்ட பொருட்களைச் சொல்ல வேண்டியதில்லை. கணினி, தொலைபேசி, ஹெலிகாப்டர், குடை என எல்லாவற்றுக்கும் உள்ளூர்ப் பெயர் உண்டு. அந்த நாட்டின் மக்கள்தொகை 4 லட்சத்தைத் தொடவில்லை. இவ்வளவு சிறிய கூட்டம் ஏன் இப்படி மெனக்கெடுகிறது என்று கேட்டால், வழக்கமாக வரும் பதில் ‘மொழிப்பற்று’. அது பாதி உண்மை. மீதிப் பாதி இலக்கணத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த மீதிப் பாதியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

‘கதவு’ என்ற எளிய சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘டோர்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஐஸ்லாந்திய மொழியில் இரண்டாகப் பிரியும். திறந்து மூடும் பலகை ‘ஹுர்த்’; உள்ளே நுழையும் வழி ‘டிர்’. கதவைத் தட்டுகிறோமா, வாசலில் நிற்கிறோமா என்று தெரியாமல் மொழிபெயர்ப்பவர் பேனாவை எடுக்க முடியாது. அதோடு விடுவதில்லை. ‘டிர்’ எப்போதும் பன்மையிலேயே வரும். ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது என்று சொல்ல, ‘ஒன்று’ என்ற எண்ணையும் பன்மையாக்கி ‘எய்னார் டிர்’ என்பார்கள். ‘ஒன்றுகள் வாசல்கள்’ என்பது போல. கால்சட்டைக்கும் இதே கதைதான்.

பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண், அஃறிணை என மூன்று பால்களில் ஒன்று உண்டு. அதற்கும் பொருளின் தன்மைக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நாற்காலி ஆண், புத்தகம் பெண், மேசை அஃறிணை. ‘கவிஞர்’ என்ற சொல் அஃறிணை! (இதற்குக் கவிஞர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.) ஒருமை, பன்மை தனித்தனி. வேற்றுமை நான்கு. ‘அந்த’ என்று சுட்டவேண்டுமானால் அதுவும் சொல்லின் வாலில்தான் ஒட்டும். நான்கு வேற்றுமை, இரண்டு எண், சுட்டோடும் சுட்டில்லாமலும் என்று பெருக்கினால் ஒரு பெயர்ச்சொல்லுக்கு 16 இருக்கைகள். சிலவற்றில் ஒரே வடிவம் வந்து உட்காரும் என்றாலும் கட்டங்கள் 16. பள்ளிக் குழந்தைகள் இதை ஒரு வாய்பாடு போலச் சொல்லிப் பழகுகிறார்கள்: ‘இதோ குதிரை, குதிரையைப் பற்றி, குதிரையிடமிருந்து, குதிரைக்கு’ என்ற பொருளில் ‘ஹெஸ்டுர், ஹெஸ்ட், ஹெஸ்டி, ஹெஸ்ட்ஸ்’.

வேற்றுமை உருபு நமக்குப் புதிதில்லையே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் தமிழில் உருபு எந்தச் சொல்லோடும் சண்டையில்லாமல் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸை, பஸ்ஸுக்கு, பஸ்ஸில் என்று போய்க்கொண்டே இருக்கலாம். அங்கே உருபு சொல்லின் பாலையும் குடும்பத்தையும் பார்த்து மாறும். பல இடங்களில் சொல்லின் நடு உயிரையும் மாற்றிவிடும். பூனை ‘கொட்டுர்’. பூனையிடமிருந்து என்றால் ‘கெட்டி’. பூனையுடைய என்றால் ‘கட்டார்’. ஒரே பூனைதான், மூன்று உயிரெழுத்து. ஒன்று முதல் நான்கு வரையிலான எண்களும் பெயரின் பாலுக்கேற்ப உருமாறுகின்றன. 21 குதிரைகள் என்று சொல்லும்போது, எண் ஒன்றில் முடிவதால் குதிரை ஒருமைக்குத் திரும்பிவிடுகிறது. ‘உங்களுக்கு இத்தனை செய்திகள் வந்துள்ளன’ என்ற ஒற்றை வாக்கியத்தை ஒரு கைபேசிச் செயலிக்காக மொழிபெயர்ப்பவர் படும் பாட்டை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஓர் ஆங்கிலச் சொல் இந்த ஊருக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன பால்? பன்மை எப்படி? உடைமை வடிவம் எது? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை அதை ஒரு முழு வாக்கியத்தில் உட்கார வைக்க நாக்கு தயங்கும். பழைய உள்ளூர் வேரிலிருந்து செய்த சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. 16 வடிவங்களும் பிறக்கும்போதே கூட வந்துவிடுகின்றன. ஆகவே புதுச்சொல் படைப்பது அங்கே பெருமைக்கான வேலை மட்டுமல்ல, சோம்பேறி நாக்குக்கும் அது வசதி.

பெருமையும் உண்டு, மறுப்பதற்கில்லை. அதன் வேர் மிக ஆழம். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஆகிய கிழமைகளின் பெயர்களில் டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் பழைய கடவுள்கள் இன்றும் ஒளிந்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் அவர்கள் இல்லை. செவ்வாய் ‘மூன்றாம் நாள்’, புதன் ‘வார நடுநாள்’, வியாழன் ‘ஐந்தாம் நாள்’, வெள்ளி ‘நோன்பு நாள்’. சனிக்கிழமை ‘குளிக்கும் நாள்’! பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோலார் என்ற ஊரில் ஆயராக இருந்த யோன் ஓக்முண்ட்சன் செய்த வேலை இது என்பது மரபு. கிறிஸ்தவர் வாயில் பேகன் தெய்வங்களின் பெயர் வரக்கூடாது என்பது அவர் கவலை. மொழியை நெறிப்படுத்தும் பழக்கம் அங்கே அவ்வளவு பழையது.

பிறகு நெடுங்காலம் டென்மார்க்கின் ஆட்சி. துறைமுக ஊர்களில் வியாபாரிகளின் டேனிஷ் கலந்த பேச்சு பரவியது. 1813இல் ஐஸ்லாந்துக்கு வந்த ராஸ்முஸ் ராஸ்க் என்ற டேனிஷ் மொழியியலாளர், இப்படியே போனால் நூறு ஆண்டுகளில் ரெய்க்யாவிக்கில் இந்த மொழி புரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள் என்று அஞ்சினார். அஞ்சியதோடு நிற்காமல் 1816இல் ஐஸ்லாந்து இலக்கியக் கழகம் தொடங்கக் காரணமானார். அடுத்த தலைமுறையில் வந்தவர்தான் நம் கொழுப்பு வாத்துக் கவிஞர். கோபன்ஹேகனில் படித்த ஹால்கிரிம்சன், 1835இல் நண்பர்களோடு சேர்ந்து ‘ஃப்யோல்னிர்’ என்ற இதழைத் தொடங்கினார். பொதுமக்களுக்கான ஒரு வானியல் நூலை டேனிஷிலிருந்து மொழிபெயர்த்து 1842இல் வெளியிட்டார். ஈர்ப்புவிசை, நீள்வட்டம் போன்றவற்றுக்கெல்லாம் அந்த ஒரு நூலுக்காகச் சொல் செய்ய வேண்டியிருந்தது. ஆடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் கோள்களைப் பற்றிப் படிக்கவேண்டும் என்று நினைத்தவருக்கு வேறு வழியில்லை. 37 வயதில் இறந்துபோனார். அவர் பிறந்த நாளான நவம்பர் 16, 1996 முதல் ஐஸ்லாந்திய மொழி நாள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வேலை கவிஞர்களின் கையிலிருந்து குழுக்களின் கைக்கு வந்தது. பொறியாளர் சங்கம் 1919இல் சொற்குழு அமைத்தது. மின்பொறியாளர்களின் குழு 1941இல் தொடங்கியது. அரசின் மொழிக் குழு 1964இல் வந்தது. ஆனால் அந்தக் காலத்தின் மிகப் புகழ்பெற்ற சொல் ஒரு குழுவில் பிறக்கவில்லை. ஒரு பழம்பெரும் பேராசிரியரின் தலையில் உதித்தது.

1964இல் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கு முதல் கணினி வந்தது. ஐபிஎம் 1620 வகை. அதை என்னவென்று அழைப்பது? ‘ராஃப்ரெய்க்னிர்’, அதாவது ‘மின்கணக்கர்’ என்று ஒரு பெயர் புழக்கத்தில் இருந்தது. பொருள் சரி. ஆனால் ஒரு அலுவலகப் பதவியின் பெயர் போல உயிரில்லாமல் இருந்தது. சிகுர்தூர் நோர்தால் என்ற இலக்கியப் பேராசிரியர் 1965 வாக்கில் ‘டொல்வா’ என்ற சொல்லைத் தந்தார். ‘டாலா’ என்றால் எண். ‘வொல்வா’ என்றால் பழைய நார்ஸ் கதைகளில் வரும் குறி சொல்லும் பெண். கையில் கோலோடு ஊர் ஊராகப் போய் வருங்காலம் உரைப்பவள். உலகம் எப்படித் தோன்றியது, எப்படி அழியும் என்பதை ஓடின் கடவுளுக்கே எடுத்துச் சொன்னவள். அவள் வாயிலிருந்து வரும் ‘வொலுஸ்பௌ’ என்ற பழம்பாடலுக்கு விரிவான உரை எழுதியவர் நோர்தால். ஆக, வாழ்நாளெல்லாம் அந்தக் குறிகாரியோடு பழகியவர், எண்களை விழுங்கிவிட்டு விடை உமிழும் இயந்திரத்தைப் பார்த்ததும் அவளையே அடையாளம் கண்டுகொண்டார். எண்ணுக்குக் குறி சொல்பவள்.

இந்தச் சொல்லின் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. ஐஸ்லாந்தியத்தில் ‘கதை’ என்பது எழுவாயில் ‘சாகா’, மற்ற வேற்றுமைகளில் ‘சொகு’. முதலில் ‘ஆ’, பிறகு ‘ஒ’. இந்த ஏற்றஇறக்கம் எல்லோர் நாக்கிலும் ஊறியது. ‘டொல்வா’ அப்படியல்ல, குறிகாரியின் வழி வந்ததால் எல்லா வடிவங்களிலும் ‘ஒ’தான். ஆனால் மற்ற வேற்றுமைகளில் ‘டொல்வு’ என்று கேட்கும் காது, எழுவாயில் ‘டல்வா’வாகத்தான் இருக்கவேண்டும் என்று தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. பலர் அப்படியே சொல்கிறார்கள். ஆசிரியர்கள் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். இதை நான் பிழையாகப் பார்க்கவில்லை. செயற்கையாகச் செய்த சொல்லை மக்கள் சொந்த இலக்கணத்தில் போட்டு அரைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் அது ஊர்க்காரச் சொல்லாகிவிட்டது என்று பொருள். இன்று அதற்குப் பிள்ளைகளும் நிறைய. மடிக்கணினி ‘ஃபார்டொல்வா’: வலசை போகும் பறவைக்கு முன்னொட்டாக வரும் அதே ‘ஃபார்’. வலசை போகும் கணினி.

புதிய பொருளுக்குச் செத்துப்போன சொல்லை எழுப்பிக் கொடுப்பது இன்னொரு வழி. எனக்கு மிகவும் பிடித்த வழி. தொலைபேசி ‘சீமி’. பழைய மொழியில் நூல், கயிறு என்ற பொருளில் இருந்து வழக்கொழிந்த சொல்லின் மறுபிறப்பு இது. 1906இல் கடலடித் தந்திக் கம்பி கிழக்குக் கரையிலுள்ள செய்திஸ்ஃப்யோர்துருக்கு வந்து சேர்ந்தபோது, நீண்ட நூல் ஒன்று உண்மையாகவே தீவைத் தொட்டது. இன்று கம்பியே இல்லாத கைபேசியின் பெயரிலும் அந்த நூல் தொங்குகிறது. திரையின் பெயர் ‘ஸ்க்யௌர்’. புல்மண் பத்தைகளால் கட்டிய பழைய வீடுகளில் கண்ணாடிக்கு வசதியில்லை. கூரையின் சிறு துளையில் விலங்கின் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டுவார்கள். மங்கலாக வெளிச்சம் வரும். அந்தச் சவ்வுச் சாளரம்தான் ‘ஸ்க்யௌர்’. வீடுகள் மாறின, சவ்வு போயிற்று, சொல் சும்மா கிடந்தது. தொலைக்காட்சி வந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டது.

ஜெட் விமானத்தின் பெயர், சீறிப் பாய்வதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. அதைத் தமிழில் எழுதிப் பார்த்தால் ‘தோட்டா’ என்று வருகிறது. ஒலி தற்செயல்தான், பொருளும் வெகுதூரம் போய்விடவில்லை. ஹெலிகாப்டரின் பெயர் ‘திர்ட்லா’. சுழற்றி அடிப்பது என்ற வினையின் பிள்ளை. மின்சாரம் ‘ராஃப்மக்ன்’, அம்பரின் ஆற்றல். அம்பர் என்னும் மரப்பிசின் கல்லைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்று கண்ட கிரேக்கர்கள் அதற்கு வைத்திருந்த பெயரிலிருந்துதான் ‘எலக்ட்ரிசிட்டி’யும் பிறந்தது. ஆங்கிலத்தில் அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாமல் புதைந்துவிட்டது. இங்கே சிறுவனுக்கும் தெரியும்படி மேலே கிடக்கிறது. பிரசவம் பார்ப்பவளின் பெயர் ‘லியோஸ்மோதிர்’, ஒளித்தாய். இது பழைய சொல். 2013இல் நடந்த ஒரு வாக்கெடுப்பில் மொழியின் மிக அழகான சொல்லாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

கொஞ்சம் தந்திரமான வழியும் இருக்கிறது. வெளிச்சொல்லின் ஒலியும் கெடக்கூடாது, உள்ளூர்ப் பொருளும் வரவேண்டும். ரேடார் என்பதற்கு ‘ராட்ஸ்யௌ’ என்றார்கள். ‘ராட்டா’ வழி கண்டுபிடிப்பது, ‘ஸ்யௌ’ பார்ப்பது. ஆங்கிலத்தில் ஒரு நீண்ட தொடரின் முதலெழுத்துகளைக் கோத்த சொல், இங்கே வழி பார்க்கும் கருவியாகிவிட்டது. மீன்பிடிக் கப்பலான டிராலர் ‘டோகாரி’. வலையை இழுப்பவன் என்று பொருள். ஆங்கில ஒலியின் சாயலும் இருக்கிறது. எய்ட்ஸ் நோய்க்கு அழித்தல் என்ற வினையிலிருந்து ‘எய்த்னி’ என்று ஒரு சொல்லும், எதற்கும் எளிதில் ஆட்படுதல் என்ற பொருளில் ‘ஆல்னைமி’ என்று இன்னொன்றும் சில காலம் மோதிக்கொண்டன. இவற்றிலெல்லாம் கூர்மை இருக்கிறது. ஆனால் பேகல் என்னும் வளைய ரொட்டிக்கு ‘பெய்க்ளா’ என்று வைத்ததை என்ன சொல்வது! அந்தச் சொல்லுக்குக் காரில் விழும் ஒடுக்கு என்றும் பொருள்.

தோற்ற சொற்களின் பட்டியலும் சுவையானதே. வாழைப்பழத்துக்கு ‘வளைகனி’ என்று பொருள்படும் ‘ப்யூகால்டின்’, ஆரஞ்சுக்கு ‘ஒளிர்கனி’ என்னும் ‘க்ளோவால்டின்’ என்று கவித்துவமாகச் செய்து பார்த்தார்கள். யாரும் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. கடையில் வாங்குவது ‘பனானி’யும் ‘ஆப்பெல்சீனா’வும்தான். ஹ்வெராகெர்தி ஊரில் பூமிச் சூட்டால் கதகதப்பாக்கிய கண்ணாடி வீட்டில் வாழை மரங்களே வேர் பிடித்துவிட்டன. வளைகனி என்ற சொல்லால் முடியவில்லை. பீட்சாவுக்குத் ‘தட்டையாகச் சுட்டது’ என்னும் ‘ஃப்ளாட்பாகா’ வந்தது. பீட்சாவே ஜெயித்தது. வெண்ணெய்ப்பழத்துக்கு வைத்த ‘லௌர்பேரா’ மட்டும் அவகாடோவோடு சேர்ந்து இன்னும் நடமாடுகிறது. லாரல் மரக் குடும்பத்துப் பேரிக்காய் என்று பொருள். தாவரவியல்படி குடும்பம் சரியாகவே பொருந்துகிறது.

இந்தத் தோல்விகளைப் பார்த்து மொழிப்பற்று தளர்ந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஜெயித்த வெளிச்சொற்களின் வாலைப் பாருங்கள். ‘பனானி’ இகரத்தில் முடிகிறது. அது ஆண்பால் பெயர்களின் பெரிய குடும்பம் ஒன்றின் அடையாளம். ‘ஆப்பெல்சீனா’வும் ‘பீட்சா’வும் ஆகாரத்தில் முடிகின்றன, அது பெண்பால் குடும்பம். ஒரு பீட்சாவைப் பற்றிப் பேசினால் ‘பீட்சு’, பல பீட்சாக்கள் ‘பீட்சுர்’. சாகா, சொகு என்று கதையைச் சொல்வதுபோலவே. பதினாறு கட்டங்களும் ஒரே நாளில் நிரம்பிவிட்டன. ஜீப் வந்தபோது அதன் வாலில் ஓர் இகரத்தைச் சேர்த்து ‘யெப்பி’ என்றார்கள், தீர்ந்தது. காரின் கதை இன்னும் சுவாரசியம். 1904இல் முதல் கார் தீவில் இறங்கியபின் ‘தானே ஓடும் ஊர்தி’, ‘அசையும் ஊர்தி’ என்றெல்லாம் முயன்றார்கள். டென்மார்க்கிலோ 1902இல் ஒரு செய்தித்தாள் நடத்திய போட்டியில் ஆட்டோமொபைலின் கடைசித் துண்டை மட்டும் வெட்டி ‘பில்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் துண்டு ஐஸ்லாந்துக்கு வந்து ‘பீட்ல்’ என்ற ஆண்பால் சொல்லாகி ஊரெல்லாம் ஓடுகிறது. ‘அசையும் ஊர்தி’ காவல்துறை அறிக்கையிலும் வாகனப் பதிவிலும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இருக்கிறது.

கதவைப் போலவே உறவுப் பெயர்களிலும் ஆங்கிலத்திலிருந்து வருபவர் தடுமாறுவார், நமக்குச் சிரமமில்லை.  அப்பாவின் சகோதரனுக்கும் அம்மாவின் சகோதரனுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. பாட்டிக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? ‘அம்மா’. இரண்டு மொழிகளுக்கும் எந்த உறவும் இல்லை. குழந்தையின் உதடுகளுக்கு எங்கும் எளிதான ஒலி அது, அவ்வளவுதான்.

கொரோனா காலத்தில் இந்தச் சொற்பட்டறை மும்முரமாகப் பயன்பட்டது. வைரஸுக்கு ‘வெய்ரா’ என்ற பெயரை நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த வில்முண்டுர் யோன்சன் 1950களிலேயே வாதாடி முன்வைத்திருந்தார். ஒலியும் பக்கம், பெண்பால் வாலும் தயார். தனிமைப்படுத்தலுக்கோ ‘சோட்க்வி’ என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. ‘சோட்’ நோய். ‘க்வி’ என்பது பால் கறக்க ஆடுகளை அடைக்கும் பட்டி. நோய்ப்பட்டிக்குள் இரு என்று அரசு சொன்னால் விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஆர்னி மேக்னூசன் ஆய்வு நிறுவனத்தின் இணையத் தரவுத்தளம் இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் எல்லா வடிவங்களையும் கட்டம் போட்டுக் காட்டும். பிறமொழியினருக்கு மட்டுமல்ல, ஊர்க்காரர்களுக்கும் அது தேவைப்படுகிறது.

புதிய வரவுகளில் பாட்காஸ்டுக்கு வைத்த ‘ஹ்லாத்வர்ப்’ எனக்கு நல்ல வேலையாகத் தெரிகிறது. வானொலி ‘வெளியே வீசுவது’, தொலைக்காட்சி ‘காட்சியை வீசுவது’. அதே ‘வீசுவது’ இங்கும் வால். முன்னால் இருப்பது தரவேற்றுவதைக் குறிக்கும் சொல். அதோடு, பண்ணை வீட்டின் முற்றத்துச் சரிவுக்கு ‘ஹ்லாத்வர்ப்பி’ என்று பழைய பெயர் ஒன்று உண்டு. காதில் விழும்போதே வாசலில் உட்கார்ந்து பேசும் சாயல் வந்துவிடுகிறது. டிரோனுக்குத்தான் இன்னும் இழுபறி. ‘பறப்பது’ என்ற பொருளில் ‘ஃப்ளிகில்டி’ என்று அழகாக ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். மக்களோ ஆங்கிலச் சொல்லின் வாலில் ஓர் இகரத்தை ஒட்டி, ‘டுரோனி’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பால் ஆண். 16 கட்டங்களும் நிரம்பிவிட்டன.